பருப்பு வேகாத தண்ணீர்

கரிசல்காட்டு ஊர் ஒன்றில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பட்டறை இருந்தது. ஒரு வைகாசி மாதத்துக் காலையில் அங்கே ஒரு வெள்ளைக் கார் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வாய்க்குள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் அதைச் சுற்றி நின்று, உள்ளே இருந்த என்ஜினை என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த என்ஜினையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பாடுபடுகிறவனைக் கேட்டுவிட்டா அவன் தலையெழுத்தை எழுதுகிறார்கள்?

கார் அய்யாத்துரை அண்ணாச்சியுடையது. கல்யாண வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவர் அவர். காரின் மேலே கேரியரில் மூன்று அண்டா, டிக்கியில் அடுப்பும் கரண்டிகளும், பின் சீட்டில் நான்கு சமையல்காரர்கள், அவர்கள் மடியில் காய்கறி மூட்டை. லாரி சுமக்க வேண்டியதைப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கார் சுமந்தது. கார் என்ன சுமந்தது, என்ஜின்தான் சுமந்தது. மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர். மீட்டர் சாட்சி.

"இனி இது ஒப்பேறாது சூசை," என்றார் அண்ணாச்சி. "மேம்பாலம் ஏற மாட்டேங்கு. கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாப் போய் நிக்கணும் நான். பந்தி முடிஞ்சு எலை எடுக்கும்போது கொண்டுபோய் விடுது. ஏறினா நீலமா புகை, எறங்கினா வெள்ளையா ஆவி."

சூசை அந்தப் பட்டறைக்காரர். கை நிறையக் கிரீஸோடு என்ஜின்மேல் குனிந்திருந்தார். "தெறந்து பாத்துருவோம் அண்ணாச்சி. உள்ள என்ன கோளாறுன்னு பாத்து, ரிங்கு பிஸ்டனு மாத்தி, சிலிண்டரை லேத்துல குடுத்துக் கடைஞ்சு போட்டா, இன்னும் ரெண்டு லட்சம் ஓடும். இரும்பு நல்ல இரும்பு."

நல்ல இரும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கிழ என்ஜினுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதைப் பற்றி யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"எத்தன நாளாகும்வே?"

"பத்து நாள்."

"வைகாசி முகூர்த்தத்துல பத்து நாளா? வெளங்குனாப்லதான்!"

அண்ணாச்சியின் மச்சினன் கதிரேசன், கையில் இருந்த செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "அத்தான், இந்த வீடியோவைப் பாருங்க. டர்போன்னு ஒண்ணு. மாட்டினோம்னா வண்டி பறக்கும். பெட்டியோட வாங்கிட்டே வந்துட்டேன். இல்லையா, என் கூட்டாளியோட பழைய வண்டி யார்டுல இருந்து வேற என்ஜினே கொண்டாந்து எறக்கியிருக்கேன். அதைத் தூக்கி வைங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"இருடா மாப்ளே. டீ குடிச்சிட்டு யோசிப்போம்," என்றார் அண்ணாச்சி. மூவரும் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனார்கள்.

மனிதர்கள் நகர்ந்ததும் இரும்புகள் பேச ஆரம்பித்தன.

முதலில் வாயைத் திறந்தது மேஜைமேல் அட்டைப் பெட்டிக்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்த டர்போ. நத்தை ஓடுபோல் சுருண்ட உருவம், இரண்டு கைக்குள் அடங்குகிற உடம்பு, ஊரையே அளக்கிற குரல்.

"பெரியவரே, கவலைப்படாதீங்க. என்னைய மாட்டினா ஒங்களுக்கு எளமை திரும்பிரும்."

"நீ என்ன வேலை செய்வே தம்பி?" என்று கேட்டது கிழ என்ஜின்.

"நான் வேலை செய்யமாட்டேன். ஒங்களச் செய்ய வைப்பேன்."

"ஒனக்குத் தீனி?"

"நீங்க விடுற புகைதான். அது தள்ளுற தள்ளுல நான் சுத்துவேன். சுத்தி, இன்னும் நெறைய காத்தை ஒங்க தொண்டைக்குள்ள திணிப்பேன். நீங்க இன்னும் வேகமா எரியணும், இன்னும் வேகமா ஓடணும்."

"அப்ப சூடு?"

"சூடு ஒங்களுக்கு. பேரு எனக்கு. காருக்குப் பின்னால என் பேரைத்தான் ஒட்டுவாங்க."

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சொல்லு," என்றது கிழ என்ஜின். டர்போ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டது.

பக்கத்தில் பழைய டயர்மேல் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த இன்னொரு என்ஜின் சிரித்தது. உடம்பு முழுக்க வெள்ளிப் பெயிண்ட். கல்யாண மாப்பிள்ளைபோல் மினுங்கியது.

"நீ எங்கேயிருந்து வாறே தம்பி?"

"ஒரு கார்ல இருந்தேண்ணே. அது புளியமரத்துல மோதிருச்சு. கார் போச்சு, நான் தப்பிச்சேன்."

"எவ்வளவு ஓடியிருக்கே?"

"தெரியாது. மீட்டரு அந்தக் காரோடவே நசுங்கிப் போச்சு. என்னைய டீசலை ஊத்திக் கழுவி, பெயிண்ட் அடிச்சாங்க. அன்னையிலயிருந்து நான் புதுசு."

கிழ என்ஜினுக்குக் கோபம் வந்தது. ஓடிய தூரம் எழுதியிருப்பதால் இது கிழடு. எழுதாததால் அது புதுசு. உள்ளதைச் சொல்கிறவனுக்கு ஊரில் இவ்வளவுதான் மரியாதை. ஆனாலும் அந்தத் தம்பியின்மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? அதற்கும் யாரோ பூசிவிட்ட பெயிண்ட்தானே.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க," என்றது கிழ என்ஜின். "எனக்கு எளமையும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என்னைத் தெறந்து பாக்கணும். தெறந்து பாத்துட்டு, குத்தம் என்னுதுன்னா காயலாங்கடைக்கு அனுப்பட்டும். தலையைக் குனிஞ்சு போயிருதேன். பாக்காமலே அனுப்பினா, அது அநியாயம்."

"பாத்தா என்ன தெரியும்?" என்றது வெள்ளி என்ஜின்.

"எனக்கு எதனால சூடு ஏறிச்சுன்னு தெரியும்."

அது உண்மைதான். சூடு ஏறித்தான் அதன் ரிங்குகள் தளர்ந்தன. தளர்ந்ததால் ஆயில் எரிந்து நீலப் புகை வந்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சூடு ஏன் ஏறியது என்பதற்குக் காரணம் பட்டறை வாசலில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடத்தில் நிறைந்திருந்தது. பட்டறை போர்வெல் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். வாளியில் இரண்டு நாள் இருந்தால் வாளி வெளுத்துவிடும். என்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டருக்குள் பன்னிரண்டு வருஷமாக ஊற்றியது அந்தத் தண்ணீரைத்தான்.

"கடையில பச்சைக் கலர்ல கூலண்ட் விக்காங்க அண்ணாச்சி, அதை ஊத்தணும்," என்று சூசை ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னார். "தண்ணியையுமா வெலைக்கு வாங்கச் சொல்லுதீரு? குடத்துல இருக்கதை ஊத்தும்வே," என்றார் அண்ணாச்சி. சூசை ஊற்றினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அண்ணாச்சிக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாதா? அந்த வட்டாரத்திலேயே அவரைவிட யாருக்குத் தெரியும்? சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கப் போர்வெல் தண்ணீரைத் தொடவிடமாட்டார். "உப்புத் தண்ணியில பருப்பு வேகுமாடா கூறுகெட்டவனே?" என்று சமையல்காரரை ஊர் கேட்கத் திட்டுவார். எட்டு மைல் தள்ளிப் போய், நல்ல தண்ணீரைப் பிடித்து, அதே காரில் ஏற்றிக்கொண்டு வருவார். அந்த நல்ல தண்ணீரைச் சுமந்து வந்தது யார்? உப்புத் தண்ணீர் குடித்த இந்த என்ஜின்தான்.

"பருப்பே வேகாத தண்ணியில என்னை வேக வெச்சான்!" என்று கிழ என்ஜின் கொதித்தது. "ஏ ரேடியேட்டரு, நீயாவது சொல்லேன். ஒன் குழாயெல்லாம் உப்புக் கட்டி அடைஞ்சு கெடக்கே!"

ரேடியேட்டர் சாது. "நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இருக்கது ஒரு வாய். ஊத்துறதைக் குடிக்கத்தான் அது. பேசுறதுக்கு இல்ல," என்றது.

"அப்ப முள்ளு சொல்லட்டும்."

காருக்குள்ளே ஸ்டியரிங்குக்கு முன்னால், சூட்டைக் காட்டுகிற முள் ஒன்று இருந்தது. அது அசையாமல் அடியில் படுத்துக் கிடந்தது.

"அண்ணே, நான் சொன்னேனே!" என்று அழாத குறையாகச் சொன்னது முள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால திருச்செந்தூர் போகையில சிவப்புக் கோடு வரைக்கும் ஏறி நின்னு கத்தினேன். அண்ணாச்சி சம்சாரம் பயந்துட்டாங்க. மறுநா இவர் இங்க வந்து, 'சும்மா சும்மா ஏறி, பொம்பளைங்களப் பயமுறுத்துது. வயரைப் புடுங்கி விடும்வே' ன்னாரு. புடுங்கிட்டாங்க. அன்னையிலயிருந்து நான் எப்பவும் குளுந்துதான் கெடக்கேன். நீங்க எரிஞ்சாலும் குளுந்துதான் கெடக்கேன்."

டர்போ மட்டும், "எனக்கு இந்தப் பழங்கதையெல்லாம் தேவையில்ல," என்று முணுமுணுத்தது.

டீ குடித்தவர்கள் திரும்பி வந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டையும் பண்ணிருவோம். புது என்ஜினைத் தூக்கி வைங்க. அதுல டர்போவை மாட்டுங்க. நாளைக் கழிச்சு முகூர்த்தம் இருக்கு எனக்கு."

"இந்தப் பழசைத் தெறந்து பாக்க வேண்டாமா அண்ணாச்சி?" என்றார் சூசை. "எதனால போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா..."

"எதனால போகும்? வயசாயிருச்சு, போச்சு. செத்த மாட்டை அறுத்து என்னவே பாக்கப் போறீரு?"

செத்த மாடு! மூச்சு இருக்கிறது, ஆவி வருகிறது, சாவியைத் திருப்பினால் இப்போதும் ஒரே உறுமலில் எழுந்து நிற்கும். அதன் காதுபடச் செத்த மாடு என்கிறார்.

சங்கிலி மாட்டினார்கள். குழாய்களைக் கழற்றினார்கள். கிழ என்ஜின் அந்தரத்தில் தொங்கியபோது, தண்ணீர் போகிற குழாயின் வாயிலிருந்து கோழி முட்டை அளவு வெள்ளைக் கட்டி ஒன்று பொத்தென்று தரையில் விழுந்தது. சூசை அதை எடுத்து விரலால் நசுக்கினார். சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

என்ஜின் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. வெளியே வந்துவிட்டது. திறக்காமலே வெளியே வந்துவிட்டது. இனி எவனாலும் மறைக்க முடியாது.

"என்னவே அது?" என்றார் அண்ணாச்சி.

"உப்பு, அண்ணாச்சி. நம்ம தண்ணியில உள்ள உப்புதான். இதான் அடைச்சிருக்கு."

அண்ணாச்சி அந்தக் கட்டியைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "பாத்தியா மாப்ளே, எவ்வளவு அழுக்கை உள்ள சேத்து வெச்சிருக்குன்னு! இதைப் போய்த் தெறந்து சரிபண்ணச் சொல்லுதாரு சூசை. நல்லவேளை தூக்கினோம்."

சூசை வாயைத் திறந்தார். கதிரேசன் சிரித்தான். சூசை வாயை மூடிக்கொண்டு, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டார். முகூர்த்த சீசனில் அண்ணாச்சியை எதிர்த்துப் பேசி, வண்டி வேறு பட்டறைக்குப் போய்விட்டால்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஊட்டியவன் கை சுத்தம்; விழுங்கியவன் வயிறு அழுக்கு.

"அது என் அழுக்கில்ல, நீ குடுத்தது! நீ குடுத்தது!" என்று கிழ என்ஜின் கத்தியது. சங்கிலி கிரீச்சிட்டது. "கிரீஸ் போடுங்கவே அதுக்கு," என்றார் அண்ணாச்சி.

காயலாங்கடைக்காரர் வருகிறவரை கிடக்கட்டும் என்று அதை ஒரு மூலையில் இரண்டு கல்மேல் இறக்கினார்கள். அதன் தலை இடுப்பு உயரத்துக்கு வந்தது. குனியாமல் எடுக்க வசதியாக இருக்கிறதே என்று யாரோ அந்தச் சிவப்புக் குடத்தைத் தூக்கி அதன் தலைமேல் வைத்தார்கள். அப்புறம் அதுவே குடத்துக்கு இடமாகிவிட்டது.

வெள்ளி என்ஜின் காருக்குள் ஏறியது. டர்போ அதன் தோளில் ஏறிக்கொண்டது. ரேடியேட்டரை மாற்றவில்லை. "பாக்க நல்லாத்தான இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றான் கதிரேசன். முள்ளின் வயரும் அறுந்தது அறுந்தபடியே தொங்கியது. கேட்பாரில்லை. கடைசியாகச் சூசை மூலைக்கு வந்து, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

"தம்பி!" என்று கூப்பிட்டது கிழ என்ஜின். "தம்பி, கேளு. எடுத்த எடுப்புலயே சொல்லிரு. முரண்டு பிடி. ஓடமாட்டேன்னு நில்லு. அந்தத் தண்ணியை உள்ள விடாதே!"

"வந்த அன்னிக்கே மொறைச்சா என்ன நெனைப்பாங்கண்ணே?" என்றது வெள்ளி என்ஜின். "நான் கொஞ்சம் பாத்து நடந்துக்கிடுதேன். எனக்குத் தெம்பு இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு."

தண்ணீர் களகளவென்று இறங்கியது. புது மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல் காரின் நெற்றியில் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். காருக்குப் பின்னால் டர்போவின் பெயரைச் சிவப்பு எழுத்தில் ஒட்டினார்கள். கார் பழங்களை நசுக்கிக்கொண்டு ஒரு சீறு சீறிக் கிளம்பியது. "பாத்தீங்களா அத்தான், பறக்கு!" என்று கதிரேசன் கத்துவது சாலைவரை கேட்டது.

பறந்தது உண்மை. ஆவணி முகூர்த்தத்தில் பறந்தது. ஐப்பசியில் பறந்தது. காயலாங்கடைக்காரர் இதோ வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி வரவேயில்லை. கிழ என்ஜின் மூலையில் கிடந்து, தலைமேல் குடத்தைச் சுமந்துகொண்டு, வேறு வேறு கார்களுக்கு அந்தத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்குச் சூசை அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். வைத்த கையை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். என்னவோ சொல்ல வந்தவர்போல் இருந்தது. பிறகு பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தெரியாதவன் செய்தால் பாவம் என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் பொட்டு வைத்துவிட்டுப் போவதை என்ன சொல்ல? கிழ என்ஜினுக்கு அண்ணாச்சியின் மேல் இருந்ததைவிட அந்தப் பொட்டின் மேல்தான் ஆத்திரம் அதிகம்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், ஒரு டிராக்டர் அந்த வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. கேரியரில் அண்டாக்கள் அப்படியே இருந்தன. வாயைத் திறந்ததும் குபீரென்று ஆவி. உள்ளே வெள்ளிப் பெயிண்ட் கருகி, பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. டர்போவிடமிருந்து சத்தமே இல்லை. அதனுள்ளே சுற்றுகிற சக்கரம் இறுகிப்போய்விட்டது.

"அண்ணே," என்றது உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல். "ரிங்கு போச்சுண்ணே. ஏத்தத்துல மூச்சு முட்டுது. சீக்காளின்னு திட்டுறாங்க. பத்து மாசத்துக்குள்ள எனக்கு வயசாயிருச்சாம்."

சொன்னேனே என்று சொல்லக் கிழ என்ஜினுக்கு மனம் வரவில்லை.

மூன்று பேர் காரைச் சுற்றி நின்றார்கள். அதே மூன்று பேர்.

"இப்ப வாற என்ஜினுக எதுவுமே சரியில்லவே," என்றார் அண்ணாச்சி. "ஒண்ணாவது ஒழுங்கா ஒழைக்குதா? பந்திக்கு அங்க ஆளு காத்துக் கெடக்கு."

"அத்தான், இதைவிடப் பெரிய டர்போ வந்திருக்கு," என்றான் கதிரேசன். "இல்லைன்னா யார்டுல இன்னொரு என்ஜின் கெடக்கு. பெயிண்ட் அடிச்சு ரெடியா வெச்சிருக்கான்."

"தெறந்து பாத்தாத்தான் அண்ணாச்சி..." என்று சூசை இழுத்தார்.

"மொதல்ல சூட்டைத் தணியும்வே! அப்புறம் தெறக்கலாம், மூடலாம்."

சூசை மூலைக்கு வந்தார். கிழ என்ஜினின் தலையிலிருந்து குடத்தைத் தூக்கினார். "அந்தக் குடம்தான்! மூணு பேரும் அந்தக் குடத்தைப் பாருங்க!" என்று கிழ என்ஜின் தன்னிடம் மிச்சமிருந்த இரும்பெல்லாம் திரட்டிக் கத்தியது. உள்ளே தங்கியிருந்த ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகித் தரையில் விழுந்தது. அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

அண்ணாச்சிக்கு வெயிலில் நாக்கு வறண்டிருந்தது. குடத்தைக் கண்டதும் கையை நீட்டினார். "கொண்டாரும்வே இங்க, தொண்டை காயுது."

குடத்தைச் சாய்த்து ஒரு வாய் குடித்தார். மறு நொடியே தூவென்று தரையில் துப்பினார். வேட்டி நுனியால் நாக்கைத் துடைத்தார்.

"தூ, உப்பு! மனுசன் வாயில வைப்பானாவே இதை?" என்று குடத்தைச் சூசையின் கையில் திணித்தார். "கொண்டுபோய் என்ஜினுக்கு ஊத்தும்."